விக்கலும் பார்வை மங்கலும்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயும் அதன் உடன்பிறப்பும்

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்து எங்கள் நரம்பியல் பிரிவுக்கு வருவோர், மணிமுத்தாறு சோதனைச் சாவடியைக் கடந்து, கல்லிடைக்குறிச்சி வழியாகப் பேருந்தில் பாதி நாளைச் செலவிட்டே வந்து சேர்வர். 2024ஆம் ஆண்டில் தோட்டப் பணி நிறுத்தப்பட்டபின் அவர்களுள் பலர் மலையிறங்கிச் சமவெளியில் குடியேறிவிட்டனர். அவ்வாறு குடியேறிய, முப்பத்தைந்து வயதை ஒட்டிய பெண்மணி ஒருவர் கடந்த கோடையில் தம் தாயாருடன் எங்களிடம் வந்தார். (அவர் இன்னாரென அறியப்படாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.) பல ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். "வெயில் ஏறுனா கண்ணு மங்குது, காலு துவளுது, நிழல்ல உட்கார்ந்து தண்ணி குடிச்சா சரியாயிருது சார்" என்பது அவர் கூறிய குறை.

மலைக்குளிரில் பழகிய உடல் சமவெளியின் சூட்டைத் தாங்கவில்லை என்று வீட்டார் எண்ணினர். அந்த எண்ணம் முற்றிலும் தவறன்று. ஆனால், வெயில் நோயை உண்டாக்கவில்லை. முன்னரே இருந்த வடுவை வெளிக்காட்டியது. 1890ஆம் ஆண்டளவில் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், சில நோயாளிகளுக்கு உடலுழைப்பின்போது பார்வை மங்கி, ஓய்வில் மீள்வதைக் குறித்து வைத்தார். உடல் வெப்பம் உயர்வதே அதற்குக் காரணம் என்பது பின்னர் விளங்கிற்று. உறை சேதமுற்ற நரம்பு, குளிர்ந்த நிலையில் செய்தியை ஒருவாறு கடத்திவிடும். உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே தடுமாறும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வருவதற்கு முன், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர வைத்து நோயைக் கண்டறிய முயன்ற காலமும் ஒன்று இருந்தது. இன்று எவரும் அதனைச் செய்வதில்லை, செய்யவும் கூடாது.

ஆகவே, நாங்கள் கேட்க வேண்டியிருந்த கேள்வி இதுதான்: அந்த வடுக்கள் எப்போது, எதனால் ஏற்பட்டன?

அவர் கையில் ஒரு கோப்பு இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இடக்கண் பார்வை மூன்று வாரம் மறைந்து, பின்னர்ப் பாதியளவே திரும்பியது. இரண்டாண்டுகளுக்கு முன் இடுப்புக்குக் கீழ் மரத்து, சிறுநீரும் அடைத்துக்கொண்டது. அப்போது வேறோர் இடத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயரிட்டு, இன்டர்ஃபெரான் ஊசி தொடங்கியிருந்தனர். கடன் வாங்கி ஊசியைத் தவறாமல் போட்டுவந்தும், அடுத்த ஓராண்டுக்குள் இரு முறை நோய் மீண்டும் தாக்கியது. "மருந்து சரியா வேலை செய்யலையா, இல்ல நாங்கதான் எதுவும் தப்பு பண்ணிட்டோமா?" என்று தாயார் கேட்டார். தவறு அவர்களுடையதன்று.

ஒரே வீட்டின் இரு நோய்கள்

தமிழில் இதனைத் தண்டுவட மரப்பு நோய் என்றும் எழுதுவர். மூளையும் பார்வை நரம்பும் சேர்ந்தே தாக்கப்படுவதால் அப்பெயர் எங்களுக்கு நிறைவளிப்பதில்லை. நரம்பிழையைச் சுற்றி, மின்கம்பிக்கு உறைபோல, மையலின் என்னும் கொழுப்புறை உள்ளது. நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே அவ்வுறையை அந்நியப் பொருளாகக் கருதித் தாக்குவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்கோ 1868இல் இதனைத் தனி நோயாக வரையறுத்தார். உலகில் ஏறத்தாழ 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2020ஆம் ஆண்டின் உலகளாவிய தொகுப்பு கூறுகிறது. பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் தோன்றும். ஆண்களைப் போல் இரு மடங்கு பெண்களுக்கு வரும்.

ஐரோப்பாவின் வடபகுதியிலும் கனடாவிலும் லட்சம் பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இது உண்டு. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இது குறைகிறது. அதனால், இது வெள்ளையரின் நோய், நம் நாட்டுக்கு உரியதன்று என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1990இல் மும்பையின் நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா, பார்சி சமூகத்தாரிடையே இந்நோய் கணிசமாக இருப்பதை எடுத்துக்காட்டினார். பிற மக்களிடையே முறையான கணக்கு எடுக்கப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இதனிடையே, மறக்கப்பட்டுக் கிடந்த வேறொரு பெயர் மீண்டும் எழுந்தது. 1894இல் பிரான்சின் லியோன் நகரில் யூஜின் தெவிக் என்பவர், பார்வை நரம்பும் தண்டுவடமும் சேர்ந்து கடுமையாகப் பாதிக்கப்படும் ஒரு நோயை விவரித்தார். அதற்கு நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா என்று பெயர், சுருக்கமாக என்.எம்.ஓ. என்போம். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதனை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் ஒரு வகை என்றே பாடநூல்கள் கூறிவந்தன. 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வாண்டா லெனன் குழுவினர், இந்நோயாளிகளின் இரத்தத்தில் மட்டும் காணப்படும் ஓர் ஆன்டிபாடியைக் கண்டனர். அடுத்த ஆண்டே அதன் இலக்கும் தெரிந்தது: அக்வாபோரின்-4 என்னும் நீர்வாயில் புரதம். நரம்பிழைகளைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களின் மீது அப்புரதம் இருக்கிறது. இங்கு முதலில் தாக்கப்படுவது மையலின் அன்று. அதனைப் பேணும் செல். எனவே இது வேறு நோய்.

பெயர் எதுவாயினும் நோயாளிக்கு என்ன வேறுபாடு என்று கேட்கலாம். வேறுபாடு மருந்தில் உள்ளது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு நற்பயன் தரும் இன்டர்ஃபெரான், நாட்டலிசுமாப், ஃபிங்கோலிமோட் ஆகியவை என்.எம்.ஓ. நோயை மோசமாக்கக்கூடியவை. மேலும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் தாக்குதல்கள் பெரும்பாலும் ஓரளவு தணிந்துவிடும். பல்லாண்டுகளுக்குப் பின்னரே படிப்படியான தளர்ச்சி வரும். என்.எம்.ஓ.வில் அவ்வாறன்று. ஒவ்வொரு தாக்குதலும் ஒரு கண்ணையோ இரு கால்களையோ விலையாகக் கேட்கும்.

மங்களூரிலிருந்து வந்த விடை

இவ்வேறுபாடு நம் பகுதியினருக்கு ஏன் கூடுதல் முக்கியம் என்பதை உணர்த்தியது மங்களூரில் நடந்த ஆய்வு. மருத்துவர் லேகா பண்டிட் அங்கு மையலின் சிதைவு நோய்களுக்கென ஒரு பதிவேட்டை உருவாக்கினார். அந்நகரில் நிகழ்த்தி 2014இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் லட்சத்துக்கு ஏறத்தாழ 8 பேருக்கும், என்.எம்.ஓ. வகை நோய் 2.6 பேருக்கும் இருப்பது தெரியவந்தது. முதல் எண்ணைக் கண்டு நமக்கு இந்நோய் குறைவென நிம்மதி கொள்வோர் உண்டு. நாங்கள் பார்ப்பது அவ்விரு எண்களுக்கும் இடையிலான விகிதத்தை. மேலைநாட்டு மருத்துவரிடம் இத்தகைய நூறு நோயாளிகள் வந்தால் அவர்களுள் என்.எம்.ஓ. உள்ளவர் ஓரிருவரே, அவர் அதனை அரிய நோய் என ஒதுக்கிவைக்கலாம். மங்களூர்க் கணக்கின்படி நால்வரில் ஒருவர்! லண்டனில் எழுதிய பாடநூலை மட்டும் நம்பித் தென்னிந்தியாவில் மருந்தெழுதினால், நான்கில் ஒரு பங்கு பிழைக்கு இடமுண்டு.

இனி, எங்கள் பிழையையும் சொல்லியாக வேண்டும். அப்பெண்மணியின் முதல் வருகையின்போது கண்ணையும் காலையும் பற்றி விரிவாகக் கேட்டோம். வயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை. இரண்டாம் வருகையில் தாயார் தற்செயலாகச் சொன்னார்: ஐந்து ஆண்டுகளுக்கு முன் மகளுக்குப் பதினைந்து நாள் விடாத விக்கலும் வாந்தியும் இருந்தன, அல்சர் என்று மாத்திரை தந்தனர், தானே நின்றுவிட்டது. மூளைத்தண்டின் கீழ்ப்புறத்தில் வாந்தியைக் கட்டுப்படுத்தும் சிறு பகுதி ஒன்றுண்டு. அங்கு அக்வாபோரின்-4 மிகுதி. காரணமின்றி நாள்கணக்கில் நீடிக்கும் விக்கலும் வாந்தியும் என்.எம்.ஓ.வின் முதல் தாக்குதலாக இருக்கக்கூடும். இதை நாங்களே முதல் நாளில் கேட்டிருக்க வேண்டும். இப்போது எங்கள் புறநோயாளர் படிவத்தில் அக்கேள்வியை அச்சிட்டுவிட்டோம்.

பழைய எம்.ஆர்.ஐ. படத்தை மீண்டும் விளக்கொளியில் பார்த்தோம். தண்டுவடத்தில் ஐந்து முள்ளெலும்புகளின் நீளத்துக்கு ஒரே தொடர்ச்சியாக வீக்கம் இருந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் வடு பொதுவாக ஓரிரு முள்ளெலும்பின் அளவைத் தாண்டுவதில்லை. இரத்தப் பரிசோதனையில் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி இருப்பது உறுதியாயிற்று. இன்டர்ஃபெரானை அன்றே நிறுத்தினோம்.

இப்பரிசோதனை குறித்துச் சில சொற்கள். உயிருள்ள அல்லது பதப்படுத்திய செல்களின் மீது செய்யப்படும் முறையே நம்பத்தக்கது. மலிவான வேறு முறைகளில் பொய்யான விடை வரும் வாய்ப்பு அதிகம். பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சைக்கு முன்பே இரத்தம் எடுக்கப்பட வேண்டும். முதல் முறை இல்லையென வந்தாலும், நோயின் போக்கு ஐயத்தைத் தந்தால் மீண்டும் செய்வோம். அதனுடன் மாக் என்ற மற்றோர் ஆன்டிபாடியையும் தேடுவோம். அது மூன்றாவது உடன்பிறப்பு. அதனைப் பற்றிப் பிறிதோர் இதழில் எழுதுவோம். காசநோய், வைட்டமின் பி12 குறைபாடு, சிஃபிலிஸ், காசநோய்க்குத் தரப்படும் எத்தாம்பியூட்டால் மாத்திரை ஆகியவையும் கண்ணையோ தண்டுவடத்தையோ பாதிக்கலாம். ஆதலால் "இத்தனை பரிசோதனை எதற்கு?" என்று மலைக்க வேண்டாம்.

மருந்தும் விலையும்

2020இல் ஜப்பானில் ஒரு சிறிய ஆய்வு வெளியாயிற்று. என்.எம்.ஓ. நோயாளிகள் 38 பேரில் பாதிப் பேருக்கு ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தும், மறுபாதிக்கு மருந்தற்ற திரவமும் 72 வாரங்கள் தரப்பட்டன. மருந்தற்ற 19 பேரில் 7 பேரை நோய் மீண்டும் தாக்கியது. மருந்து பெற்ற 19 பேரில் ஒருவரைக்கூடத் தாக்கவில்லை. சிறிய ஆய்வுகளை நாங்கள் ஐயத்துடனேயே வாசிப்போம். ஆனால் இத்தகைய இடைவெளியை எளிதில் புறந்தள்ள இயலாது. 2022இல் சுவீடன் நாட்டார், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸின் தொடக்க நிலையில் இருந்த ஏறத்தாழ 200 பேரிடம் இதே மருந்தைச் சோதித்தனர். இரண்டாண்டுகளில் ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில் 3 விழுக்காட்டினரையும், டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரையும் நோய் மீண்டும் தாக்கியது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கென முதன்முறையாகச் சேர்த்த மூன்று மருந்துகளில் ரிட்டுக்சிமாப்பும் ஒன்று.

இரு நோய்க்கும் பயன்படும் மருந்து ஒன்று இருப்பது நம் நாட்டுக்கு நல்வாய்ப்பு. புற்றுநோய்க்கென வந்த இம்மருந்தின் இந்தியத் தயாரிப்பு 2007 முதலே கிடைக்கிறது. எக்குலிசுமாப் போன்ற புதிய மருந்துகள் என்.எம்.ஓ.வில் சிறந்த பலன் காட்டினும், அவற்றின் விலை எங்கள் நோயாளிகளுக்கு எட்டாதது. அசாத்தியோபிரின், மைக்கோஃபினோலேட் மாத்திரைகள் இன்னும் மலிவானவை. பலருக்கு அவையே போதுமாகின்றன. ரிட்டுக்சிமாப் தொடங்குமுன் காசநோயும் ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் இல்லையென உறுதிசெய்வது கட்டாயம். நோயெதிர்ப்பு குறைவதால் அவை தலைதூக்கும்.

நோய்க்கு மூலகாரணம் என்ன என்னும் ஆய்விலும் அண்மையில் ஒரு பெரிய அடி எடுத்து வைக்கப்பட்டது. அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் இருபதாண்டு இரத்த மாதிரிகளை ஆராய்ந்த ஹார்வர்டு குழுவினர், எப்ஸ்டைன்-பார் என்ற வைரஸ் தொற்றியபின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதாக 2022இல் அறிவித்தனர். அந்த வைரஸ் நம் நாட்டில் ஏறத்தாழ எல்லாருக்கும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றிவிடுகிறது. ஆயினும் நோய் வெகு சிலருக்கே வருகிறது. எனவே வைரஸ் தேவையான காரணமாக இருக்கலாம்; அது மட்டுமே போதுமான காரணம் அன்று. இதைப் படித்துவிட்டு அந்த வைரஸுக்குப் பரிசோதனை கேட்க வேண்டாம். சிகிச்சை அதனால் மாறாது.

வீட்டார் அறிய வேண்டியவை

வெயிலிலோ காய்ச்சலிலோ பார்வை மங்கி, உடல் குளிர்ந்ததும் மீண்டால் அது புதிய தாக்குதல் அன்று. ஈரத்துண்டு, குடை, காலை வேளையில் வெளிவேலை ஆகியவை போதும். காய்ச்சலின்றி, புதிய குறை ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது தாக்குதலாக இருக்கலாம், அன்றே வாருங்கள். ஸ்டீராய்டு ஊசியும், தேவைப்படின் பிளாஸ்மா மாற்றும், எவ்வளவு விரைவில் தொடங்கப்படுகின்றனவோ அவ்வளவு பார்வை மிஞ்சும். பழைய எம்.ஆர்.ஐ. படங்களை எறிந்துவிடாதீர்கள், அறிக்கைத் தாள் மட்டும் எங்களுக்குப் போதாது. இது தொற்றுநோய் அன்று. தாயிடமிருந்து பிள்ளைக்கு நேரே இறங்கும் நோயுமன்று. கருத்தரிக்க விரும்புவோர் மருந்தைத் தாமே நிறுத்தாமல் முன்னதாக எங்களிடம் பேசவும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைப் பெயர் சொல்லிச் சேர்த்துள்ளது. நடப்பதிலோ பார்வையிலோ குறை நிலைத்தவர்கள் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். படிவம் நிரப்ப எங்கள் சமூகப் பணியாளர் உதவுவார்.

அப்பெண்மணிக்கு ரிட்டுக்சிமாப் தொடங்கி ஓராண்டு ஆகிறது. இதுவரை தாக்குதல் இல்லை. ஆனால் இந்நோயில் ஓராண்டு என்பது முடிவு கூறப் போதுமான காலமன்று. இடக்கண்ணில் இழந்த பார்வை திரும்பவில்லை. அது திரும்பும் என்று நாங்கள் அவரிடம் சொல்லவும் இல்லை. வலக்கண் நன்றாக உள்ளது. அடுத்த மருந்தேற்றத்துக்கு வரும்போது, கோடை என்பதால், விடியற்காலைப் பேருந்தில் வருமாறு கூறியுள்ளோம்.