எரிபொருட் சிக்கனமும் இயக்கசக்தியும்

2022 ஜூலையில் கியூ.ஆர். முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. அதைக்கொண்டு கூடிய தூரம் செல்வது எவ்வாறு? விடை நீங்கள் கற்ற சமன்பாடொன்றிலேயே உள்ளது.

இயக்கசக்தி = ½ × திணிவு × (வேகம்)²

ஓட்டுநருடன் 160 கிலோகிராம் திணிவுள்ள மோட்டார் சைக்கிளொன்று மணிக்கு 54 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் செல்கின்றது எனக் கொள்வோம். (54ஐ அப்படியே பிரதியிட்டுப் புள்ளிகளை இழந்துவிடாதீர்கள்.)

இயக்கசக்தி = ½ × 160 × 15 × 15 = 18 000 யூல்

வேகம் செக்கனுக்கு 5 மீற்றராயின் 2000 யூல் மாத்திரமே. வேகம் மும்மடங்காகும்போது சக்தி ஒன்பது மடங்காவதைக் கவனிக்க.

சந்தியை நெருங்கியபின் சடுதியாகப் பிறேக் பிடித்தால் அந்த 18 000 யூலும் பெரும்பாலும் வெப்பமாகி வீணாகும். மீண்டும் அதே வேகத்தை அடைய, இயந்திரத்தின் வினைத்திறன் 25 சதவீதம் எனின், 72 000 யூல் தரும் பெற்றோல் எரியவேண்டும். அது ஏறத்தாழ 2 மில்லிலீற்றர். சிறிய அளவுதான், ஆனால் வீட்டிலிருந்து பாடசாலை வரை எத்தனை தடவை பிறேக் பிடிக்கப்படுகின்றது என எண்ணிப்பாருங்கள்.

சிவப்பு விளக்கைத் தூரத்தில் கண்டதுமே அக்சிலேற்றரைத் தளர்த்தினால், வாகனம் தன்னிடமுள்ள இயக்கசக்தியைக் கொண்டே உராய்வையும் வளித்தடையையும் எதிர்த்து மிகுதித் தூரத்தைக் கடக்கும். அத்தூரத்துக்குப் பெற்றோல் மிகக் குறைவாகவே செலவாகும். டயரில் காற்றுக் குறைந்தால் டயர் கூடுதலாக நசிந்து சக்தி விரயமாகும் என்பதையும் விடையில் சேர்க்கலாம்.

பயிற்சி: பின்னிருக்கையில் 40 கிலோகிராம் திணிவுள்ள ஒருவர் ஏறினால், செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் மொத்த இயக்கசக்தி யாது?

விடை: 22 500 யூல்