ரிப்போர்ட் எழுதச் சொற்கள்: ஷிப்ட் எஃப்7-ஐ விடப் பக்கத்தில் ஒரு இடம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறு வகுப்பு எடுக்கிறேன். சிதம்பரத்தில் பி.காம். படிக்கும் மாணவர்கள் சிலர் வருவார்கள். கம்ப்யூட்டரில் பிசினஸ் ரிப்போர்ட் தயாரிப்பதுதான் பாடம். அவர்களில் பலர் வீட்டில் அப்போதுதான் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பார்கள். வேர்டில் எழுத்தைப் பெரிதாக்கவும் டேபிள் போடவும் இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள். ஆனால் "சார், என்ன வார்த்தை போடுவது?" என்ற கேள்வி மட்டும் கடைசி வரை தீராது.

இந்தக் கேள்விக்கு நான் முன்பு ஒரு சுலபமான பதில் வைத்திருந்தேன். சொல்லின் மீது கர்சரை வைத்து ஷிப்ட் கீயுடன் எஃப்7 அழுத்துங்கள். வலது பக்கம் தெசாரஸ் திறக்கும். அதே பொருள் தரும் சொற்கள் வரிசையாக நிற்கும். பிடித்ததைத் தேர்ந்தெடுத்து இன்செர்ட் செய்யுங்கள். வேர்ட் 2003 வரை இது டூல்ஸ் மெனுவில் இருந்தது. 2007-லிருந்து ரிவ்யூ டேபில் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் கண்ட்ரோல் எஃப்7. மாணவர்கள் அசந்து போவார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருக்கும்.

ஒரு மாணவர் முதுநகரில் கருவாட்டு குடோன் ஒன்றில் ஒரு மாதம் பயிற்சிக்குப் போனார். ஒரு வகைக் கருவாட்டில் வாங்கியது 500 கிலோ. மாதக் கடைசியில் நிறுத்துப் பார்த்தபோது 462 கிலோ. 38 கிலோ குறைந்திருந்தது. அதை ஆங்கிலத்தில் முதலில் "லாஸ்ட்" என்று எழுதியிருக்கிறார். சொல் சாதாரணமாக இருக்கிறதே என்று ஷிப்ட் எஃப்7 அழுத்தினார். பட்டியலில் "மிஸ்ஸிங்" கண்ணில் பட்டது. போட்டுவிட்டார். 38 கிலோகிராம்ஸ் ஆர் மிஸ்ஸிங் ஃப்ரம் த குடோன். இலக்கணப் பிழை இல்லை. அந்த ரிப்போர்ட்டைத் திருத்தி "குட்" போட்டவன் நான்.

ரிப்போர்ட்டின் ஒரு பிரதி குடோன் முதலாளிக்குப் போனது. வெளியூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் அதைப் படித்தார். காணாமல் போயிருக்கிறது என்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும் அல்லவா? ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பிறகு வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தினார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு மூட்டையை நிறுத்துப் பார்த்த பிறகுதான், கருவாடு இருக்க இருக்க ஈரம் வற்றி எடை குறையும் என்ற, அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மகனுக்கு உறைத்தது. திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த இரண்டு வாரச் சம்பளம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

மாணவர் என்னிடம் வந்து, "சார், கம்ப்யூட்டர் கொடுத்த வார்த்தைதானே?" என்றார். "தம்பி, கம்ப்யூட்டர் கொடுக்கச் சொன்னது நான்தானே" என்றேன். அன்றிலிருந்து பாடத்தை மாற்றிவிட்டேன். மாற்றிய பாடத்தைத்தான் இங்கே தருகிறேன்.

தெசாரஸ் என்பது ஒரே மாதிரியான சொற்களின் பட்டியல். ஒரே பொருள் உள்ள சொற்களின் பட்டியல் அல்ல. எந்த இடத்தில் எது பொருந்தும் என்று அது சொல்லாது. அதற்கு முன்னால் நமக்கே அந்த விஷயம் எதுவென்று தெரிய வேண்டும். இதில் வேடிக்கை, மாணவர்களுக்கு அது தமிழில் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பதுதான். கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இருப்பு, நிலுவை, கொள்முதல், முன்பணம், சேதாரம், தேய்மானம், தள்ளுபடி எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் காதில் விழுந்த சொற்கள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தவுடன் இவற்றை மறந்துவிட்டு "குறைந்தது", "போனது" என்ற பொதுச் சொற்களுக்கு ஆங்கிலம் தேடுகிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

"தள்ளுபடி" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் துணிக்கடையில் தள்ளுபடி என்றால் டிஸ்கவுண்ட். அரசு விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தால் வெய்வர். கடன்காரர் இனிக் கட்ட வேண்டியதில்லை. வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் வாராக் கடனைத் தள்ளுபடி செய்தால் ரைட் ஆஃப். புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டாலும் கடன்காரரிடம் வசூலிக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. கோர்ட்டில் மனு தள்ளுபடி ஆனால் டிஸ்மிஸ்ட். ஒரு தமிழ்ச் சொல், நான்கு ஆங்கிலச் சொற்கள். வெய்வர் வர வேண்டிய இடத்தில் ரைட் ஆஃப் வந்தால் படிப்பவர் முடிவையே மாற்றி எடுத்துவிடுவார். "இருப்பு" என்பதும் இப்படித்தான்: குடோனில் ஸ்டாக், வங்கியில் பேலன்ஸ், கல்லாப் பெட்டியில் கேஷ் இன் ஹேண்ட். கருவாட்டு விஷயத்தில் வந்திருக்க வேண்டியது "வெயிட் லாஸ் டியூ டு டிரையிங்". அழகாக இல்லைதான். ஆனால் யாருடைய வேலையும் போயிருக்காது.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம். எக்ஸெலைத் திறந்து ஒரு புதிய ஷீட் எடுங்கள். முதல் காலத்தில் தமிழ்ச் சொல். இரண்டாவதில் அது வரும் இடம் (கடை, வங்கி, குடோன், கோர்ட்). மூன்றாவதில் ஆங்கிலச் சொல். நான்காவதில் அந்தச் சொல் வரும் ஒரு முழு வாக்கியம். இந்த நான்காவது காலத்தைக் காலியாக விடக் கூடாது; சொல்லை மட்டும் எழுதி வைத்தால் அது பரீட்சைக்குத்தான் உதவும். தமிழ் டைப் செய்ய விண்டோஸ் செட்டிங்ஸில் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்துக்கொண்டால், விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பார் தட்டி இரு மொழிகளுக்கும் மாறிக்கொள்ளலாம்.

முழு வாக்கியத்துக்கு எங்கே போவது? நம் மாவட்டத்திலேயே நெய்வேலி இருக்கிறது. 1956-ல் தொடங்கிய நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன், இன்றைய என்.எல்.சி. இந்தியா, தன் ஆண்டறிக்கைகளை இணையதளத்தில் பிடிஎஃப் ஃபைலாக வைத்திருக்கிறது. ரிசர்வ் வங்கியும் வைத்திருக்கிறது. ஒன்றை டவுன்லோடு செய்து அடோபி ரீடரில் திறந்து, கண்ட்ரோல், ஷிப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தேடும் சிறு விண்டோ கிடைக்கும். அதில் "இன்கிரீஸ்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடினால், அந்தச் சொல் வரும் இடமெல்லாம் முன்னும் பின்னும் சில சொற்களுடன் பட்டியலாக வரும். ஒரு சொல் யாரோடு சேர்ந்து நடக்கிறது என்று பார்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அப்படிப் பார்க்கும்போது பின்னால் வரும் சின்னச் சொற்களைக் கவனியுங்கள். பை, டு, ஃப்ரம், இன். மாணவர்கள் இவற்றைத்தான் அலட்சியம் செய்கிறார்கள். 40 பெட்டி விற்ற கடையில் விற்பனை "இன்கிரீஸ்ட் பை 60" என்றால் இப்போது 100 பெட்டி. "இன்கிரீஸ்ட் டு 60" என்றால் 60 பெட்டிதான். இரண்டு எழுத்துச் சொல்லில் 40 பெட்டி வித்தியாசம்! சதவீதத்தில் இன்னொரு குழி உண்டு. வட்டி 8 சதவீதத்திலிருந்து 10 சதவீதமானால் அது 2 பர்சன்டேஜ் பாயிண்ட் உயர்வு. "2 பர்சன்ட் உயர்வு" என்று எழுதினால் தவறு; கணக்குப்படி அது 25 பர்சன்ட் உயர்வு.

ஷீட்டில் முப்பது நாற்பது வரிகள் சேர்ந்ததும் நம்மை நாமே சோதித்துக்கொள்ளலாம். ஐந்தாவது காலத்தின் முதல் கட்டத்தில் =ஆர்ஏஎன்டி() என்ற பார்முலாவை ஆங்கில எழுத்துகளில் அடித்து (அடைப்புக்குறிக்குள் எதுவும் வேண்டாம்), கடைசி வரி வரை காப்பி செய்யுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் தானாக வரும். டேட்டா டேபில் சார்ட் கொடுத்து இந்தக் காலத்தின்படி வரிசைப்படுத்தினால் சொற்கள் சீட்டுக்கட்டு போலக் கலைந்துவிடும். சார்ட் செய்தவுடன் எண்கள் மாறியிருக்கும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். பிறகு மூன்றாவது, நான்காவது காலங்களின் தலைப்பெழுத்துகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்து ஹைட் கொடுங்கள். தமிழையும் இடத்தையும் மட்டும் பார்த்து ஆங்கில வாக்கியத்தை ஒரு தாளில் எழுதுங்கள். அன்ஹைட் செய்து ஒப்பிடுங்கள்.

எத்தனை சொற்கள் போதும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். டாக்காவில் ஆசிரியர் பயிற்சித் துறையில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், 1953-ல் வெளியிட்ட அடிப்படை ஆங்கிலச் சொற்களின் பட்டியலில் சுமார் 2,000 சொற்களே உள்ளன. 2000-ல் நியூசிலாந்தின் ஆவெரில் காக்ஸ்ஹெட் கல்லூரிப் பாட எழுத்துக்கான பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் 570 சொல் குடும்பங்கள். இரண்டும் நல்ல பட்டியல்கள். ஆனால் கருவாட்டு குடோனுக்கு வேண்டிய நாற்பது சொற்களை எந்தப் பட்டியலும் தராது. அவற்றை அந்தக் குடோன் கணக்குப்பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

இது கடலூருக்குப் புதிதும் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1690-ல் இங்கே செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கியது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபின் 1752 வரை சோழமண்டலக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் இந்தக் கோட்டைதான். துணிக் கொள்முதல், விலை, இருப்பு என்று லண்டனுக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். கம்பெனியின் கடைநிலைப் பதவிக்குப் பெயரே ரைட்டர். (நம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.) அந்த ஆங்கிலேயர்களுக்கும் சொல் போதவில்லை. நம் காசை "காஷ்" என்றே எழுதினார்கள். "குடோன்" என்பது மலாய் மொழி வழியாகப் போன நம் கிடங்குதான் என்பது அகராதிக்காரர்கள் பலரின் கருத்து. சரக்கு இருந்த இடத்திலிருந்தே சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது ஏஐ புரோகிராம்களிடம் கேட்டால் முழு ரிப்போர்ட்டையே எழுதித் தருகின்றன என்று மாணவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், ஆங்கிலமும் நன்றாக இருக்கிறது. ஆனால் 38 கிலோ ஏன் குறைந்தது என்று நாம் சொல்லாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

கடைசியாக ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. மிஸ்ஸிங், ஃபெய்ல்ட், ரெஃப்யூஸ்ட், ஃபிராட், நெக்லிஜென்ஸ் போன்ற சொற்கள் என்ன நடந்தது என்பதோடு நிற்பதில்லை. யாரோ செய்தார் என்றும் சொல்கின்றன. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், புரூஃபிங் சென்று ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ் கிளிக் செய்யுங்கள். ரிப்ளேஸ் கட்டத்தில் "மிஸ்ஸிங்", வித் கட்டத்தில் "மிஸ்ஸிங்???" என்று ஆங்கிலத்தில் அடித்து ஆட் கொடுங்கள். இனி அந்தச் சொல்லை டைப் செய்யும்போதெல்லாம் மூன்று கேள்விக்குறிகள் வந்து நிற்கும். கையில் பில்லோ, நேரில் பார்த்தவரோ இருந்தால் கேள்விக்குறிகளை அழித்துவிடலாம். தெசாரஸிலிருந்து எடுத்துப் போட்ட சொல்லுக்கு இது வேலை செய்யாது. எனவே பிரிண்ட் எடுக்கும் முன் கண்ட்ரோல் எஃப் அழுத்தி இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பயிற்சிக்கு: உங்கள் வீட்டிலோ தெருவிலோ கடை வைத்திருப்பவரிடம் இந்த மாதம் எது குறைந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் தமிழ்ச் சொற்களில் ஐந்தை முதல் காலத்தில் எழுதுங்கள். மற்ற காலங்களைப் பிறகு நிரப்பலாம்.