குமரியில் சுற்றுலாவுக்கு முதல் போடுவோர் எங்கே போடலாம்?

வளைகுடாவில் சம்பாதித்த பணத்தோடு ஊர் திரும்பியவர், பணிக்கொடை கைக்கு வந்த ஆசிரியர், அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டைப் பூட்டி வைத்திருக்கும் மகள். குமரி மாவட்டத்தில் சுற்றுலாத் தொழிலைப் பற்றி யோசிக்கும் இப்படிப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெரிய ஓட்டல் கம்பெனிகளுக்கு ஆலோசகர்கள் உண்டு. சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் வைக்கப் போகிறவருக்குத்தான் யாரும் இல்லை.

அவர்கள் முன் பொதுவாக நான்கு வழிகள் வருகின்றன: கன்னியாகுமரியில் லாட்ஜ், கடற்கரையில் நிலம், மலையடிவாரத்தில் தோட்டம், உள்நாட்டில் பழைய வீடு. நான்கையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: வந்தவர் இரண்டாவது இரவும் தங்குவாரா?

முதலில் லாட்ஜ். சொந்தமாக வாங்க முடியாதவர்கள் குத்தகைக்கு எடுக்கிறார்கள். முன்பணமும் மாத வாடகையும் உண்டு. அறை நிறைந்தாலும் காலியாகக் கிடந்தாலும் வாடகை கொடுத்தாக வேண்டும். கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப சாமிமார் கூட்டம். பிறகு ஏப்ரல், மே பள்ளி விடுமுறை. நடுவே பண்டிகை விடுப்புகள். மற்ற நாட்களை இந்த நாட்களின் வரவுதான் தாங்க வேண்டும். வருகிறவர் சாயங்காலம் அறை எடுத்து, அஸ்தமனம் பார்த்து, விடியற்காலை மொட்டை மாடியில் சூரியன் எழுவதைப் பார்த்து, படகு ஏறி இறங்கி, மதியத்துக்குள் கிளம்பிவிடுகிறார். 2024 டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. நல்ல வேலை, கடல் உள்வாங்கும் நாளில் படகு சிலைக்குப் போக முடியாத குறை தீர்ந்தது. ஆனால் அது பகலுக்குச் சில மணி நேரம் கூட்டியிருக்கிறதே தவிர, இன்னொரு இரவைக் கூட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

லாட்ஜ்தான் என்று முடிவெடுத்தால், மூன்று ஆண்டுப் பதிவேட்டைக் கேளுங்கள். ஜனவரிப் பக்கங்களை அவர்களே காட்டுவார்கள். நீங்கள் பிப்ரவரியையும் ஆகஸ்டையும் புரட்டுங்கள். மின்கட்டண ரசீதுகளையும் ஜிஎஸ்டி கணக்கையும் அதோடு ஒப்பிடுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள். உப்புக்காற்று ஏசியையும் இரும்புக் கம்பியையும் எவ்வளவு சீக்கிரம் தின்னும் என்பது கடலோரத்தில் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். அந்தப் பராமரிப்புச் செலவு யார் தலையில் என்பதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இந்த ஒரே கூட்டத்தை நம்பும் தொழிலின் ஆபத்தைப் புரிந்துகொள்ள மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவைப் பார்க்கலாம். ஐரோப்பாவில் குளிர் வாட்டும் மாதங்களில் மொத்தமாக விமானமேறி வரும் பயணிகளை நம்பிக் கடற்கரை ஓட்டல்கள் எழுந்த சிறு நாடு அது. 2014இல் அந்த வட்டாரத்தில் எபோலா பரவியபோது காம்பியாவில் ஒருவருக்குக்கூட நோய் வரவில்லை. ஆனாலும் பயணிகள் வருகை சரிந்தது. 2019இல் இங்கிலாந்தின் தாமஸ் குக் நிறுவனம் திவாலானதும் மறுபடி அடி. நமக்கும் 2020இல் கொரோனாவால் படகு நின்றபோது அதுதான் நடந்தது. காம்பியாவுக்குத் தெற்கே, செனகலின் காசமான்ஸ் பகுதியில் 1970களில் வேறொரு வழியில் போனார்கள். ஊர்க்காரர்களே மண்சுவரும் கூரையுமாகத் தங்கள் ஊர் வீட்டு முறையில் விடுதிகள் கட்டி, தாங்களே நடத்தி, வரவில் ஒரு பங்கைப் பள்ளிக்கும் மருத்துவ நிலையத்துக்கும் கொடுத்தார்கள். 1982இல் தொடங்கிய பிரிவினைச் சண்டை அந்த விடுதிகளையும் நலிய வைத்தது உண்மை. ஆனால் போட்ட முதல் சிறியது, பணம் ஊரிலேயே சுற்றியது என்பதுதான் நமக்கு முக்கியம்.

கடற்கரை நிலம் பற்றி என் கருத்து கடுமையானது: பெரும்பாலோர் அதை விட்டுவிடலாம். முட்டம், சங்குத்துறை, சொத்தவிளை எல்லாம் கண்ணைப் பறிக்கும் இடங்கள்தான். ஆனால் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிப்பு குறுக்கே நிற்கிறது. 2011 அறிவிப்பின்படி ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழுப்ப முடியாது. மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161ஐத் தாண்டும் இடங்களுக்கு இதை 50 மீட்டராகத் தளர்த்த 2019 அறிவிப்பு வழி செய்தது. உங்கள் சர்வே எண் எதில் வருகிறது என்பதை அங்கீகரிக்கப்பட்ட வரைபடம்தான் சொல்லும். தரகர் சொல்வதை வைத்து முன்பணம் கொடுக்காதீர்கள். அந்த மணல் மீனவர்களின் வலை உலரும் இடமும்கூட. ஊரையும் தேவாலயப் பங்கையும் கேட்காமல் வேலி போட்டவர் நிம்மதியாகத் தொழில் நடத்த முடியாது. 2004 சுனாமியில் மணக்குடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டதை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2024 மே மாதம் கள்ளக்கடல் (திடீர் அலையெழுச்சி) எச்சரிக்கை இருந்த நாளில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். விருந்தாளியைக் கடலுக்கு அனுப்புகிறவர், அன்றைய எச்சரிக்கையை அவரிடம் சொல்லவும் கடமைப்பட்டவர்.

மலையடிவாரத்துக்கு இரண்டு வரி போதும். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் விளை வாங்குமுன், அது மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் உள்ளதா, தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் அதைத் தொடுகிறதா என்று வனத்துறையில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். பதில் வரும்வரை பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

நான் மனதாரப் பரிந்துரைப்பது நான்காவது வழியை. தக்கலை, சுசீந்திரம், தேரூர், பூதப்பாண்டி வட்டாரங்களில் முற்றம் வைத்த ஓட்டு வீடுகள் இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. மரத்துக்காக விற்கப்படும் அந்த வீடுகளில்தான் இரண்டாவது இரவுக்கான காரணம் இருக்கிறது. காலையில் தோவாளைப் பூச்சந்தை, பிறகு பத்மநாபபுரம் அரண்மனை (தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பு, திங்கள்கிழமை விடுமுறை, விருந்தாளியிடம் முன்பே சொல்லுங்கள்). உதயகிரிக் கோட்டையில் குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியான டி லனாயின் கல்லறை. மறுநாள் 1966இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி. பறவை பார்ப்பவர்களுக்கு, 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்கள். இதெல்லாம் ஒரு பகலில் முடியாது. சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும், தீயலும், ரசவடையும், பருவத்தில் அக்கானியும் (பதநீர்), மட்டிப்பழமும் போதும். வட இந்தியச் சாப்பாட்டை நாம் ஏன் அரைகுறையாகச் செய்ய வேண்டும்?

விதிகளும் எளியவை. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டுத் தங்கல் திட்டத்தில் ஒன்றிலிருந்து ஆறு அறைகள் வரை பதியலாம்; உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். மாநிலச் சுற்றுலாத் துறையிலும் பதிவு உண்டு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். வரவு ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு தேவை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் வீட்டுத் தங்கல்களுக்கும் முத்ரா கடன் அறிவிக்கப்பட்டது. ஆனால் கடனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு அறைகள், நல்ல கழிப்பறை, ஒழுகாத கூரை, இவ்வளவு போதும். தட்டோடுகளைப் பெயர்த்துவிட்டு வழுவழு டைல்ஸ் போடாதீர்கள், வருகிறவர் பார்க்க வருவதே அந்தத் தரையைத்தான்.

வருமானம் மெதுவாகத்தான் ஏறும். மாதச் சம்பளம்போல இதை நம்பிக் குடும்பம் நடத்த வேண்டியவர், முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேறு வரவு வைத்துக்கொண்டே இறங்க வேண்டும். இன்னொரு சிக்கல் நம் ஊர் வீடுகளுக்கே உரியது. பெரும்பாலானவை அண்ணன் தம்பி, அக்கா தங்கை பெயரில் கூட்டாக இருக்கும். ஒருவர் பெங்களூரில், ஒருவர் துபாயில். அறை நிறையத் தொடங்கிய பிறகு பங்கு பேசினால் உறவு கெடும். கூரையில் ஒரு ஓடு மாற்றுவதற்கு முன்பே வில்லங்கச் சான்று எடுத்து, பழுதுபார்க்கும் செலவு யாருடையது, வரவில் யாருக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதி, எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.