படத்தை வெட்டுவதும் சுருக்குவதும்: வியாபாரிகள் அறிய வேண்டிய அளவுக் கணக்கு

வணிகப் பெருமக்களுக்கு அளவு என்பது புதிய விஷயம் அல்ல. படி, மரக்கால் காலத்திலிருந்து எலக்ட்ரானிக் தராசு காலம் வரை வந்தவர்கள் நாம். இப்போது கடைக்குள் இன்னோர் அளவும் வந்து சேர்ந்திருக்கிறது. அது புகைப்படத்தின் அளவு. ஜி.எஸ்.டி. பதிவுக்கு உரிமையாளர் படம், டிரேடு மார்க் விண்ணப்பத்துக்கு லேபிள் படம், பொருட்காட்சிக்கும் புகைப்படப் போட்டிக்கும் சரக்கின் படம் என்று எதற்கும் ஓர் அளவு விதித்திருக்கிறார்கள். போட்டியில் தோற்றாலும் நடுவர் பார்த்தார் என்ற திருப்தியாவது மிஞ்சும். அளவு மீறிய படத்தை நடுவர் பார்ப்பதே இல்லை. வாசலிலேயே கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிடுகிறது.

திருப்பி அனுப்பப்பட்டவர் என்ன செய்கிறார்? பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிறார். அங்குள்ள பையன் படத்தை எப்படியோ இழுத்து அமுக்கி அளவுக்குள் அடைத்துக் கொடுக்கிறான். முகம் அகன்று போகிறது, அல்வாவின் மினுமினுப்பு திட்டுத் திட்டாகிறது. இதற்குக் காசும் கொடுத்துவிட்டு வருகிறோம். கணக்கு தெரிந்துவிட்டால் கல்லாவில் உட்கார்ந்தபடியே பத்து நிமிடத்தில் முடியும் வேலை இது.

முதலில் மூன்று அளவுகளைப் பிரித்து அறிய வேண்டும். ஜவுளிக் கடைக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு துணிக்கு நீள அகலம் உண்டு, எடையும் உண்டு. ஐந்தரை மீட்டர் புடவைகள் இரண்டு, ஒன்று நூல், ஒன்று பட்டு என்றால் நீளம் ஒன்றுதான், எடை வேறு. படத்தில் நீள அகலம் என்பது பிக்சல் கணக்கு. எடை என்பது கிலோபைட் கணக்கு. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் மூன்றாவது. விதியில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் எடையைக் குறைக்கச் சொன்னால் நீளத்தை வெட்டுவதும், நீளத்தைக் கேட்டால் எடையைக் குறைப்பதும்தான் பெரும்பாலும் நடக்கிறது.

விகிதத்தைச் சரி செய்யும் வழி வெட்டுவது ஒன்றுதான். இழுத்துச் சரிசெய்யக் கூடாது. வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். விண்ணப்பத்தில் படம் 200க்கு 230 பிக்சல், எடை 20 முதல் 50 கிலோபைட் என்று கேட்கிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் இதை எழுதுகிறார்கள், ஆகவே இதையே உதாரணமாகக் கொள்வோம். 12 மெகாபிக்சல் செல்போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் 3000க்கு 4000. இதை நேரே 200க்கு 230 ஆக்கினால் முகம் அகன்று உப்பித் தெரியும். மாறாக, அகலம் 3000 அப்படியே இருக்க, உயரத்தை 3450 ஆக வெட்டுங்கள். இப்போது இரண்டையும் 15 ஆல் வகுத்தால் சரியாக 200, 230 வரும். வெட்டியது 550 பிக்சல். அது தலைக்கு மேலும் நெஞ்சுக்குக் கீழும் உள்ள வெற்றிடம், நஷ்டம் ஒன்றும் இல்லை. முதலில் வெட்டு, பிறகு சுருக்கு, கடைசியில் எடை. இந்த வரிசை மாறக் கூடாது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் உள்ள 'பெயிண்ட்' புரோகிராமே இதற்குப் போதும். அளவு மாற்றும் பெட்டியில் விகிதத்தைக் காப்பதற்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் முகம் அகலாது. இலவசமாகக் கிடைக்கும் 'ஜிம்ப்' புரோகிராமில் சேமிக்கும்போது தரத்தைக் கூட்டிக் குறைத்து, எடை எவ்வளவு ஆகும் என்பதை அங்கேயே பார்க்கலாம்.

எடை குறைவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. இதற்கு அடிப்படையான கணிதத்தை 1974இல் வெளியிட்ட மூவர் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர். மூன்று பெயர்களும் நம் நாட்டுப் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். அளவுக்கு மீறிக் கழித்தால் அந்த எட்டுக்கு எட்டுக் கட்டங்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். அல்வா, நெய், எவர்சில்வர் போன்ற வழுவழுப்பான சரக்குகளில் இது உடனே கண்ணில் படும். ஆகவே 4000 பிக்சல் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு 100 கிலோபைட்டுக்கு நசுக்க வேண்டாம். நீள அகலத்தைக் குறைத்தாலே எடை பெருமளவு தானாக இறங்கிவிடும். ஜி.எஸ்.டி. பதிவுக்குக் கேட்கும் உரிமையாளர் படம் 100 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும். 600க்கு 800 பிக்சலுக்குக் கொண்டுவந்தால் முகம் தெளிவாகவே இருக்கும், எடையும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அச்சுக்கு வரும் இடத்தில்தான் அங்குலமும் சென்டிமீட்டரும் தலைகாட்டுகின்றன. 2017ஆம் ஆண்டு டிரேடு மார்க் விதிகளின்படி முத்திரைப் படம் 8க்கு 8 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அச்சக வழக்கப்படி இது பக்கத்துக்கு சுமார் 945 பிக்சல். '300 டி.பி.ஐ. வேண்டும்' என்று மட்டும் எழுதி, எத்தனை அங்குலம் என்று சொல்லாத விதிகளும் உண்டு. அது நீளம் சொல்லாமல் துணி கேட்பதைப் போல. விதி எழுதியவரைத்தான் திருப்பிக் கேட்க வேண்டும். 12க்கு 18 அங்குல அச்சுப் படம் கேட்கும் போட்டிக்கு 3600க்கு 5400 பிக்சல் வேண்டியிருக்கும். செல்போன் படத்தை 2:3 விகிதத்துக்கு வெட்டினால் 2667க்கு 4000தான் மிஞ்சும், அங்குலத்துக்கு 222 பிக்சல். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு இது போதும் என்பது நம் கருத்து. கம்ப்யூட்டரில் வெறுமனே பெரிதாக்கி 5400 என்று கணக்குக் காட்ட வேண்டாம். இல்லாத விவரம் அதனால் வந்துவிடாது.

இனி நம் வட்டாரச் சரக்குக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். பத்தமடைப் பாய் விற்கும் அன்பர் ஒருவர் ஆறடிப் பாயை முழுதாகப் படம் எடுத்து, 800 பிக்சல் கேட்கும் போட்டிக்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். கோரையை ஊறவைத்து, கீறி, நூலில் நெருக்கி நெய்த அந்த நயம்தான் பாயின் விலையே. படத்தில் என்ன நடக்கிறது? ஆறடி என்பது 72 அங்குலம். 4000 பிக்சலில் ஓர் அங்குலத்துக்கு 55 பிக்சல் கிடைத்தது. 800க்குச் சுருங்கியதும் 11தான். ஓர் இழை, அடுத்த இடைவெளி இரண்டையும் காட்டக் குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். ஆகவே 11 பிக்சலில் ஐந்து இழைக்கு மேல் காட்ட முடியாது. பாயில் அங்குலத்துக்குப் பத்துப் பதினைந்து இழை இருந்தால், அவை மறைவதோடு நில்லாமல் பாயிலேயே இல்லாத அலை அலையான கோடுகள் தோன்றும். இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் தெரியுமே, அதே கோடுகள். பார்ப்பவர் அதை நெசவின் குறை என்றே நினைப்பார். மாதக்கணக்கில் நெய்தவரின் உழைப்பு ஒரு தவறான சுருக்கலில் மதிப்பிழந்துவிடுகிறது.

இதற்கு மாற்று, சுருக்குவதை விட்டு வெட்டுவது. அதே படத்தில் ஓரடிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் அது 666 பிக்சல். சுருக்காமலே 800க்குள் அடங்கும், இழையும் தெரியும். இன்னும் நல்லது, கரையும் முனையும் தெரியும்படி அருகில் போய்ப் புதிதாக எடுப்பது. முழுப் பாயும் கட்டாயம் வேண்டும் என்றால், 'ஜிம்ப்'பில் சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்கும் முறையைப் பயன்படுத்தி, அனுப்பும் முன் நூறு சதவீத அளவில் விரித்துப் பாருங்கள். கோர்வைச் சேலை, ஓலைப்பெட்டி, மூங்கில் கூடை வியாபாரிகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

நிமிர்ந்த படங்களுக்கு வேறொரு கண்ணி உண்டு. அகலம் 1920, உயரம் 1080 பிக்சலுக்கு மிகாமல் என்று விதி இருந்தால் அது திரையின் வடிவத்தைக் கொண்டு எழுதப்பட்டது. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரை நிமிர்த்தி எடுத்த 3000க்கு 4000 படம் இங்கே 810க்கு 1080 ஆகச் சுருங்கிவிடும். படுக்கை வசத்தில் எடுத்த படமோ 1440க்கு 1080 கிடைக்கும். விதியை முன்பே படித்தவர் தேரோடு ரதவீதியும் வடமும் கூட்டமும் சேர்ந்து வரும்படி படுக்கை வசத்திலும் ஒன்று எடுத்து வைப்பார். எப்படி எடுத்தாலும் நாலு பக்கமும் சற்று இடம் விட்டு எடுங்கள். தையற்காரர் உள்மடிப்பு விடுவதைப் போல, பிறகு எந்த விகிதத்துக்கும் வெட்டிக்கொள்ளலாம். கலசம் ஓரத்தை ஒட்டி நின்றால் வெட்ட வழியே இல்லை.

சில இடங்களில் சுருக்கவே கூடாது. 2010இல் நெதர்லாந்தில் தொடங்கி, 2012 முதல் இந்தியாவும் கலந்துகொண்ட 'விக்கி லவ்ஸ் மானுமென்ட்ஸ்' என்ற நினைவுச் சின்னப் படப் போட்டி அப்படிப்பட்டது. படத்தை முழு அளவில் தருவதே அங்கு விரும்பப்படுகிறது. ஆனால் அங்கே ஏற்றும் படத்தை எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும், வியாபாரத்துக்கும்கூட, பயன்படுத்திக்கொள்ள உரிமை கொடுத்தாக வேண்டும். கடை விளம்பரத்துக்கென்று வைத்திருக்கும் படத்தைக் கொடுக்கும் முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

வெட்டுவதும் சுருக்குவதும் எப்போதும் நகலில்தான். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால், ஜெராக்ஸை மீண்டும் ஜெராக்ஸ் எடுத்தது போல ஒவ்வொரு முறையும் தரம் இறங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படமும் ஏற்கெனவே சுருங்கியதே. ஆகவே ஒரிஜினலை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். பரிசுக்குத் தேர்வான பிறகு கேமராவிலிருந்து வந்த அசல் ஃபைலைச் சரிபார்க்கக் கேட்கும் போட்டிகள் உண்டு. அப்போது கையில் சுருக்கிய நகல் மட்டும் இருந்தால் பரிசு அடுத்தவருக்குப் போய்விடும்.