கார்பைட் கல் எந்தப் பிரிவு?

போன மாதம் நான் கோலம் பற்றி எழுதினேன். இந்த மாதம் அறிவியல். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, அதனால் எழுத்தைப் பொடியாக்கி எழுதியிருக்கிறேன். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து படிக்கவும்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால் நம்ம பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் பென்சில் டப்பாவில் கார்பைட் கல் கொண்டு வந்தான். (பெயர் எழுத மாட்டேன், பயப்படாதே.) மூடியில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டதும் புசுபுசு என்று நுரைத்தது. எல்லாரும் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் எங்க மாமாவின் இடது கண்.

மாமா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நான் நாலாவது படிக்கும்போது ஒரு நாள் புது டிரம் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த தூள் முகத்தில் அடித்தது. முகமெல்லாம் வேர்வை. கையால் கண்ணைத் தேய்த்துவிட்டார். ஒரு செம்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துத்தான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். இப்போதும் அந்தக் கண்ணில் பனி மூடின மாதிரிதான் தெரியும் என்பார்.

சாதாரணச் சாம்பல் நிறக் கல். அது எப்படி இவ்வளவு செய்தது என்று நம் அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். டீச்சர் கம்ப்யூட்டர் ரூமில் அதன் 'பாதுகாப்புத் தகவல் தாள்' ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இதைப் படிக்கக் கத்துக்கோ, பிறகு எழுது" என்றார். ஆசிட், பெயின்ட், தின்னர் என்று எல்லாத் தொழிற்சாலைப் பொருளுக்கும் இப்படி ஒரு தாள் இருக்குமாம். அதில் ஒரே மாதிரி ஒழுங்கு இருக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2003-இல் ஒரு முறையை வெளியிட்டது. அந்தப் புத்தகத்தின் அட்டை ஊதா நிறம், அதனால் ஊதாப் புத்தகம் என்றே சொல்கிறார்கள்.

அந்த முறைப்படி ஒரு பொருளிடம் முதலில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். நீ எரிவாயா, வெடிப்பாயா? இது பொருள்சார் ஆபத்து. இதில் 17 வகுப்பு. மனுஷன் உடம்பை என்ன செய்வாய்? இது உடல்நல ஆபத்து. இதில் 10 வகுப்பு. (மீன், குளம், காற்று பற்றித் தனியாக ஒரு பகுதி உண்டு, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) வகுப்புக்குள் பிரிவு 1, 2, 3 என்று போகும். நம்ம வகுப்பில் முதல் ரேங்க் என்றால் கைதட்டுவார்கள். இங்கே தலைகீழ். பிரிவு 1 என்றால்தான் ரொம்ப மோசம்.

முதல் கேள்வியைக் கார்பைட் கல்லிடம் கேட்போம். கால்சியம் கார்பைடு தானாக எரியாது. தீக்குச்சி வைத்தாலும் பற்றாது. அப்படியானால் ஆபத்து இல்லையா? இங்கேதான் எனக்கு ஆச்சரியம். 17 வகுப்பில் ஒன்று, 'தண்ணீர் பட்டால் எரியும் வாயு விடும் பொருள்'. நம் கல் அந்த வகுப்பு.

கால்சியம் கார்பைடு + நீர் → அசிட்டிலீன் + கால்சியம் ஹைட்ராக்சைடு

அசிட்டிலீன்தான் வெல்டிங் கேஸ். கால்சியம் ஹைட்ராக்சைடு நீற்றின சுண்ணாம்பு. கூடவே நல்ல சூடும் வரும். எந்தப் பிரிவு என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? வாயு வரும் வேகத்தை அளக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் 1 லிட்டருக்கு மேல் வந்தால் பிரிவு 3. மணிக்கு 20 லிட்டர் அல்லது அதற்கு மேல் வந்தால் பிரிவு 2. ஒரே நிமிஷத்தில் 10 லிட்டர் அல்லது அதற்கு மேல் வந்தால் பிரிவு 1. கார்பைட் கல் பிரிவு 1. பென்சில் டப்பா மூடியில் நாம் பார்த்த புசுபுசு அதுதான்.

நான் ஒரு கணக்குப் போட்டேன், கணக்கு சார் சரிபார்த்துக் கொடுத்தார். கடையில் கிடைக்கும் ஒரு கிலோ கார்பைட் சுமார் 300 லிட்டர் வாயு கொடுக்கும். நம்ம வீட்டுக் குடம் 15 லிட்டர் என்று வைத்தால் 20 குடம். அசிட்டிலீன் காற்றில் 100-க்கு 2.5 பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். அப்படியானால் 300 லிட்டர் வாயு 12,000 லிட்டர் காற்றைத் தீப்பிடிக்கிற காற்றாக மாற்றிவிடும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள அறை சரியாக இவ்வளவுதான். மூடின அறையில் ஒரே ஒரு கிலோ நனைந்தால் போதும்! பிறகு ஸ்விட்ச் போடும் பொறி கூடப் பற்றவைத்துவிடும். ஐப்பசி மழையில் மாமா ஏன் ராத்திரி எழுந்து போய்த் தகரம் ஒழுகுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார் என்று இப்போதுதான் புரிந்தது.

இன்னொன்று. கார்பைட் இருக்கும் இடத்தில் தீப்பிடித்தால் நாம் எல்லாரும் செய்யும் முதல் வேலை வாளியைத் தூக்குவது. அதைச் செய்யவே கூடாது. காய்ந்த மணல் அல்லது உலர்ந்த பொடி உள்ள தீயணைப்பான்தான். லாரியில் கொண்டு போகும்போது நீல நிறச் சாய்சதுரத்தில் தீச்சுடர் படம் ஒட்டுவார்கள். சிவப்பு இல்லை, நீலம். தண்ணீரோடு சேர்ந்தால் ஆபத்து என்று அர்த்தம். இனிமேல் லாரிகளைப் பாருங்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி, உடல்நலம். நான் படித்த தாளில் தோல் எரிச்சல் பிரிவு 2, மூச்சுக்குழாய் எரிச்சல், கண் பாதிப்பு பிரிவு 1 என்று இருந்தது. தோலையும் மூச்சையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்: ஈரத்தில் பட்டதும் அங்கேயே சுண்ணாம்பும் சூடும் உண்டாகிறது, அதனால் எரிகிறது. தும்மல், இருமல் வருவதும் அதனால்தான்.

கண்தான் முக்கியம். கண் எப்போதும் ஈரமாக இருக்கிறது. அந்த ஈரம் போதும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு சின்னப் பிள்ளை கண்ணில் பட்டால் பாட்டிமார் ஏன் அப்படிப் பதறுகிறார்கள்? சுண்ணாம்பு காரம். ஆசிட் கண்ணின் மேல்பகுதியைத்தான் பெரும்பாலும் கெடுக்கும், காரமோ கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும் என்று டீச்சர் சொன்னார். நானும் அதுவரை ஆசிட்தான் பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன்.

கண்ணுக்குப் பிரிவு 1, பிரிவு 2 என்று எப்படிப் பிரிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. 21 நாளுக்குள் முழுதாகச் சரியாகிவிட்டால் பிரிவு 2, எரிச்சல். 21 நாள் ஆகியும் முழுதாகச் சரியாகாத பாதிப்பு என்றால் பிரிவு 1. மாமாவுக்கு ஐந்து வருஷம் ஆகிறது.

வீட்டில் போய் இதைச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அன்னைக்கே இது தெரிஞ்சிருந்தா என்ன பாப்பா செஞ்சிருக்கணும்?" என்று கேட்டார். தாளில் இருந்ததைச் சொன்னேன். தோலில் பட்டால் முதலில் காய்ந்த துணியால் தட்டிவிட வேண்டும், அப்புறம் நிறையத் தண்ணீர். கண்ணில் பட்டால் தேய்க்கவே கூடாது. இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவ வேண்டும். கொஞ்சம் தண்ணீர் என்றால் சுண்ணாம்பு உண்டாகும், நிறையத் தண்ணீர் என்றால்தான் அது அடித்துக்கொண்டு போகும். கழுவின கையோடு ஆஸ்பத்திரி. "ஒரு செம்பு பத்தலையா அப்போ" என்றார் மாமா. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில் பிளாஸ்டிக் பைப்பில் கார்பைடும் தண்ணீரும் போட்டு வெடிக்கும் 'கார்பைட் துப்பாக்கி'யால் நிறையப் பிள்ளைகளுக்குக் கண் போனது. வெடிக்கவில்லையே என்று பைப்புக்குள் எட்டிப் பார்த்தவர்களும் அதில் உண்டு. நம்ம ஊர்ப் பையன்கள் தகர டப்பாவில் ஓட்டை போட்டு வெடிப்பதும் அதே வேலைதான். இதை எழுதினால் என்னைத் திட்டுவீர்கள் என்று தெரியும், திட்டிக்கொள்ளுங்கள்.

மாம்பழம் பற்றி எழுதாவிட்டால் பக்கத்து பெஞ்சு தோழி விடமாட்டாள். கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் என்கிறோமே, அதே கல்தான். காயில் இயற்கையாக எத்திலீன் என்ற வாயு உண்டாகிப் பழுக்கிறது. அசிட்டிலீன் அதைப் போல நடித்துத் தோலை மஞ்சளாக்கிவிடும், உள்ளே புளிக்கும். தாளில் 'கடும் விஷம்' என்ற வகுப்பு இல்லையே, பிறகு ஏன் தடை என்று டீச்சரிடம் கேட்டேன். நல்ல கேள்வி என்றார்! தாள் கல்லைப் பற்றிச் சொல்கிறது. ஆனால் தொழிற்சாலைக் கல் சுத்தமானது இல்லை. அதில் பாஸ்பரஸ், ஆர்சனிக் கலந்திருக்கலாம். ஈரம் பட்டால் அவை பாஸ்பீன், ஆர்சீன் என்ற விஷ வாயுக்களாக வரும். சுத்தமான அசிட்டிலீனுக்குப் பெரிதாக வாசனை கிடையாது. நமக்கு வரும் பூண்டு நாற்றம் பாஸ்பீன் போன்ற கலப்பால் வருவது. இந்தியாவில் 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இந்தக் கல்லால் பழுக்க வைத்த பழத்தை விற்கக்கூடாது. அதற்குப் பதில் எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்தலாம்.

ஆக ஒரு பொருளின் வகுப்பு வேறு, அதை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பது வேறு. காற்றுப் புகாத டிரம்மில், காய்ந்த இடத்தில் இருக்கும்வரை கார்பைட் சும்மாதான் இருக்கும். அதே பிரிவு 1 கல் வேர்வை ஈரமான சட்டைப் பையில் இருந்தால்?

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு ஒரு அட்டையில் நீலச் சாய்சதுரம் வரைந்து, 'தண்ணீர் படக்கூடாது' என்று எழுதிக் கொடுத்தேன். மாமா அதை டிரம் மூடிமேல் ஒட்டினார். மூடியைத் திறந்து கீழே வைத்தால் தெரியாதே என்று பக்கவாட்டிலும் ஒன்று கேட்டார். அவர் இப்போது டிரம் திறக்கும்போது கண்ணாடி போடுகிறார், ஆனால் மறந்துவிட்டால் அத்தை கத்த வேண்டியிருக்கிறது. பட்டறை வாசலில் குழாய் பக்கம் ஒரு ரப்பர் டியூப் மாட்டியாகிவிட்டது.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி