சுற்றுலா விளம்பரச் செலவைக் குறைத்தால் சுமை யார் தலையில்?

அரசாங்கத்தின் வருமானம் சுருங்கும்போது, மருத்துவமனையை மூட முடியாது. ஆசிரியர் சம்பளத்தை நிறுத்த முடியாது. ஆனால், அயல்நாட்டுத் தொலைக்காட்சியில் வரும் சுற்றுலா விளம்பரத்தை நிறுத்தினால் யாருக்கு என்ன நட்டம்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளம்பரம் ஏன் பொதுச் செலவாகிறது?

ஒரு நாட்டை விளம்பரப்படுத்துவது ஊருக்குப் பொதுக்கிணறு வெட்டுவதைப் போன்றது. வெட்டிய பின் யார் வேண்டுமானாலும் நீர் இறைக்கலாம். ஆகவே, தனியொருவர் கைக்காசைப் போட்டு வெட்ட முன்வரமாட்டார். நாட்டுக்கு வரும் பயணி எந்தக் கடையில் தேநீர் அருந்துவார் என்று யாருக்குத் தெரியும்? இதனால்தான் அரசு இப்பொறுப்பை ஏற்கிறது. மலேசியா 1990இல் முதன்முறையாகச் 'சுற்றுலா ஆண்டை' நடத்தியபோது, வருகையாளர் எண்ணிக்கை முந்திய ஆண்டின் ஏறக்குறைய 48 லட்சத்திலிருந்து 74 லட்சமாக உயர்ந்தது.

எனினும், வசதி படைத்தவர் வீட்டில் சொந்தக் கிணறு உண்டு. அனைத்துலகத் தங்கும் விடுதிக்குத் தனி விளம்பரப் பிரிவும் பல நாடுகளில் முன்பதிவு வசதியும் இருக்கின்றன. பொதுக்கிணறு வற்றினால் தவிப்பவர், அதை மட்டுமே நம்பியிருந்தவர்தாம்.

கொலராடோ தரும் பாடம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சுற்றுலா விளம்பரத்திற்கென ஒரு சிறு வரி இருந்தது. 1993இல் வாக்காளர்கள் அதைத் தொடர மறுத்தனர். ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலராக இருந்த விளம்பர நிதி ஒன்றுமில்லாமல் போனது. இரண்டே ஆண்டுகளில், அம்மாநிலம் உல்லாசப் பயணச் சந்தையில் தனக்கிருந்த பங்கில் 30 விழுக்காட்டை இழந்ததாக ஓர் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. கோடைக்கால உல்லாசத் தலங்களின் வரிசையில் முதலிடத்திலிருந்து 17ஆம் இடத்திற்குச் சரிந்தது. 2000ஆம் ஆண்டில் அரசு மீண்டும் நிதி ஒதுக்கியது.

இக்கணக்கைச் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். சுற்றுலா விளம்பரங்களை மதிப்பிடுவதே அந்நிறுவனத்தின் தொழில். மேலும், 30 விழுக்காடு என்பது மாநிலத்தின் மொத்தக் கணக்கு. பனிச்சறுக்கு விடுதியை விளம்பரப்படுத்த அதன் முதலாளி இருக்கிறார். கோடையில் மக்கள் நடக்கும் மலைப்பாதைக்கு முதலாளி யார்? அப்பாதையோரச் சிற்றூரின் இழப்பு மொத்தக் கணக்கில் மறைந்துவிடுகிறது.

நம் நாட்டில் யார்?

1995இல் ஹோம்ஸ்டே திட்டம் தொடங்கிய பகாங், டேசா மூர்னி போன்ற கிராமங்களை எண்ணிப் பாருங்கள். கேரித் தீவில் மரமுகமூடி செதுக்கும் மா மெரி பூர்வகுடியினரையும், பத்துமலை அடிவாரத்தில் மாலை கட்டி விற்கும் நம்மவரையும் எண்ணிப் பாருங்கள். இவர்களுக்கு இலண்டனில் விளம்பரம் செய்ய வழியேது? ஐக்கிய நாட்டுச் சுற்றுலா அமைப்பின் 2019ஆம் ஆண்டு அறிக்கைப்படி, உலகில் சுற்றுலாத்துறை ஊழியருள் 54 விழுக்காட்டினர் பெண்கள். அவர்களது ஊதியம் ஆண்களினும் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவு. வேலை குறைந்தால் முதலில் அசைவது இத்தகையோரின் அடுப்புதான்.

மறுதரப்பு வாதம்

மிச்சமாகும் பணம் அரசாங்க மருந்தகத்திற்குப் போனால் ஏழைக்கு நன்மைதானே என்பர். இது தள்ளிவிடக்கூடிய வாதமன்று. விளம்பரப் பணத்தின் பயன் பெரிய விடுதிகளையே சேருமானால், அதைக் குறைப்பதே சமத்துவம் ஆகலாம். ஆகவே, 'குறைக்கலாமா?' என்பதைவிட 'எதைக் குறைப்பது?' என்பதே சரியான கேள்வி. ஆடம்பரக் கண்காட்சி விருந்தைக் குறைப்பதும் கிராமத்து ஹோம்ஸ்டேயின் பெயரை விளம்பர ஏட்டிலிருந்து நீக்குவதும் கணக்கேட்டில் ஒரே தொகையாகத் தோன்றலாம், சுமை ஒன்றன்று.

பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், பொது அமைப்புகள் முடிவெடுக்கும்போது பாலினம், இனம், உடற்குறை முதலிய அடிப்படையில் சமவாய்ப்புக்கு உரிய கவனம் தரவேண்டும் என்கிறது. அந்த மனப்பாங்கை நாமும் கைக்கொள்ளலாம். வரவு செலவுத் திட்ட அறிக்கை வெளிவரும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம்: இந்நிதியால் பயன்பெற்றவர் யார்? அவருக்குச் சொந்தக் கிணறு உண்டா? மிச்சமாகும் பணம் யாரிடம் போகிறது?

நம்முள் பலர் நாளை அரசுப் பணிகளில் அமரப் போகிறவர்கள். முன்னாள் மாணவர் சிலர் ஏற்கனவே அமர்ந்திருக்கிறார்கள். கோப்பில் கையெழுத்திடும் முன் இம்மூன்றையும் கேட்பது நம் கடமையாகும்.