டாஷ்போர்டில் பெயர் மாற்றம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கிராஃபானா டாஷ்போர்டைத் திறந்தால் வரைபடத்தின் கீழே "10.1.2.5:9100" போன்ற பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். சர்வரின் நலனைச் சொல்லும் நோட் எக்ஸ்போர்ட்டர் வழக்கமாக 9100 போர்ட்டில் ஓடுகிறது. அந்தத் தரவைத் திரட்டிச் சேமிக்கும் புரோமிதியஸ், அந்த முகவரியையே சர்வரின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது. கிராஃபானாவின் 'ரீநேம் பை ரெஜெக்ஸ்' வசதியில் "(.*):[0-9]+" என்று தேடச் சொல்லி, மாற்றாக "$1" என்று கொடுத்தால் போர்ட் எண் உதிர்ந்துவிடும். எத்தனை சர்வர் இருந்தாலும் ஒரே வரியில் வேலை முடிந்தது. அருமையான வசதிதான். ஆனால் இதைப் பற்றிய சில தவறான நம்பிக்கைகள், பழுது நேர்ந்த நேரத்தில் நம்மை வேறு சர்வருக்கு அனுப்பிவிடும்.

நம்பிக்கை 1: டாஷ்போர்டில் மாற்றினால் எல்லா இடத்திலும் பெயர் மாறிவிடும்.

உண்மை: அந்த ஒரு பேனலில் மட்டுமே மாறும். குவெரிக்கான விடை வந்து சேர்ந்த பிறகு, பார்ப்பவரின் பிரவுசரில் நடக்கிற வேலை இது. புரோமிதியஸில் சேமித்த லேபிள் அப்படியே இருக்கிறது. அலர்ட் விதிகள் பின்னணியில், சர்வர் பக்கத்தில் ஓடுகின்றன. பேனலில் செய்த மாற்றம் அவற்றுக்குத் தெரியாது. ஆகவே பேனலில் "பில்லிங்-5" என்று நாம் பெயர் மாற்றிய சர்வர், அலர்ட் செய்தியில் "10.1.2.5:9100" என்றே வரும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து போனைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்று யார் சொல்வது? எங்கும் ஒரே பெயர் வேண்டுமானால், புரோமிதியஸ் தரவைத் திரட்டும்போதே ரீலேபிள் விதி எழுதிப் பெயர் சூட்ட வேண்டும்.

நம்பிக்கை 2: புள்ளி என்றால் புள்ளிதான்.

உண்மை: ரெஜெக்ஸில் புள்ளி என்பது ஏதாவது ஓர் எழுத்து. "10.1.2.(.*):[0-9]+" என்று தேடி "பில்லிங்-$1" என்று மாற்றினால், "10.1.2.5:9100" சரியாக "பில்லிங்-5" ஆகும். ஆனால் "10.112.7.3:9100" என்ற, பில்லிங்குக்குச் சம்பந்தமே இல்லாத சர்வரும் "பில்லிங்-7.3" ஆகிவிடும். இரண்டாவது புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் 1 என்ற எண் பொருந்திவிட்டது. "10\.1\.2\.(.*):[0-9]+" என்று ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் பின்சாய்கோடு போட்டால் இந்தக் குழப்பம் வராது.

நம்பிக்கை 3: "(.*)" முதல் புள்ளியோடு நின்றுவிடும்.

உண்மை: அது எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் விழுங்கும். "(.*)\.(.*)" என்று எழுதினால் முதல் அடைப்பில் சிக்குவது "10" அல்ல, "10.1.2". கடைசிப் புள்ளிவரை போய்த்தான் நிற்கும். முதல் பகுதி மட்டும் வேண்டுமானால் "([^.]*)\..*" என்று எழுத வேண்டும்.

நம்பிக்கை 4: பொருந்தாவிட்டால் பிழை காட்டும்.

உண்மை: காட்டாது. பொருந்தாத பெயர் பழையபடியே வந்து நிற்கும். அடுத்த மாதம் வேறு பாணியில் பெயர் வைத்த சர்வர் ஒன்று சேர்ந்தால், அது மட்டும் நீளப் பெயரோடு ஓரத்தில் கிடக்கும். புதிய சர்வரைச் சேர்க்கும்போது இந்த வரியையும் சோதிப்பது சேர்ப்பவரின் வேலை.

நம்பிக்கை 5: பெயர் மாறினால் வேறு எதுவும் மாறாது.

உண்மை: ஒரு கோட்டுக்குச் சிவப்பு நிறமோ தனி அலகோ பெயரைச் சொல்லி ஒதுக்கியிருந்தால், அந்த அமைப்பு மாற்றத்துக்குப் பிந்தைய பெயரையே தேடும். பழைய பெயரில் எழுதிய விதி சத்தமில்லாமல் செயலிழந்துபோகும். பெயரை வெட்டியபின் இரண்டு கோடுகளுக்கு ஒரே பெயர் வந்துவிட்டால், எது எதுவென்று பார்வையில் பிரிக்கவும் முடியாது.

நம்பிக்கை 6: ஓரிடத்தில் ஓடிய ரெஜெக்ஸ் எங்கும் ஓடும்.

உண்மை: கிராஃபானாவின் இந்த வசதி பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ரெஜெக்ஸில் இயங்குகிறது. புரோமிதியஸ் பயன்படுத்துவது ஆர்இ2 வகை. அடுத்து என்ன வருகிறது என்று எட்டிப்பார்க்கும் லுக்அஹெட் அதில் கிடையாது. புரோமிதியஸின் 'லேபிள் ரீபிளேஸ்' முழு மதிப்பும் பொருந்தினால்தான் மாற்றும். கிராஃபானாவில் இருபுறமும் சாய்கோடு போட்டு எழுதினால் பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலே போதும்.

ஆர்இ2 சில வசதிகளை விட்டுக்கொடுத்ததற்குக் காரணம், தேடல் கட்டுமீறி நீளும் ஆபத்தைத் தவிர்ப்பதுதான். அந்த ஆபத்துக்கு ஓர் உதாரணம்: 2019 ஜூலை 2 அன்று க்ளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன் ஃபயர்வாலில் சேர்த்த ஒரு ரெஜெக்ஸ், பின்வாங்கிப் பின்வாங்கித் தேடும் இயல்பால் உலகெங்கும் அதன் சர்வர்களின் சிபியுவை முழுதாக விழுங்கியது. சுமார் 27 நிமிடம் எண்ணற்ற இணையதளங்கள் 502 பிழையைக் காட்டின. ஆர்இ2 அப்படிப் பின்வாங்குவதில்லை; உரையின் நீளத்துக்கு ஏற்ற நேரத்தில் தேடலை முடித்துவிடும். டாஷ்போர்டுப் பெயர்கள் சிறியவை என்பதால் அந்த அளவு ஆபத்து இங்கே இல்லை. ஆனாலும் "(.*)" என்பதை அடுத்தடுத்து அடுக்காமல், என்ன வேண்டுமோ அதை மட்டும் குறிப்பாகக் கேட்பதே நல்ல பழக்கம்.

கண்காணிப்பில் பெயர் என்பது அலங்காரம் அல்ல. பழுதான சர்வருக்கு நம்மை அழைத்துப்போகும் வழி. ஒரு பேனலின் வசதிக்காக மாற்றுகிறீர்கள் என்றால் தாராளமாக டாஷ்போர்டில் மாற்றுங்கள். அதே ரெஜெக்ஸை இரண்டாவது பேனலிலும் ஒட்ட நேர்ந்தால், அதை எடுத்துத் தரவு பிறக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். அலர்ட்டிலும் அந்தப் பெயரே வரும்.